பாகம் கேட்டால் பாவமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இன்னிக்கு நாம் கூட்டத்தில் வாய் திறக்காத ஒரு விஷயத்தைப் பேசப்போறோம். அப்பா சொத்தில் பொம்பளைப் பிள்ளைக்குப் பாகம். நம்மில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் அந்தப் பக்கமிருந்தே பேசுகிறோம்.

வழக்கமா என்ன நடக்கும்? அப்பா போய், ஞாபகார்த்த ஜெபமும் முடிந்திருக்கும். அண்ணன் ஒரு பத்திரத்தோட வருவார். "ஒரு கையெழுத்துத்தானே தங்கச்சி, நமக்குள்ள என்ன இருக்கு?" அதுக்குப் பேர் விடுதலைப் பத்திரம். ஒரு சேலையும் கொஞ்சம் பணமும் கைக்கு வரும். தயங்கினால் அம்மாவே, "உனக்கு நிலம் வேணுமா, கூடப் பிறந்தவன் வேணுமா?" என்பாங்க. அதுக்கும் மேலே, சபைப் பெரியவர் ஒருவர் வந்து லூக்கா 12-ஆம் அதிகாரத்தைச் சொல்வார். ஒருத்தன் இயேசுவிடம் வந்து, சொத்தைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்டான், அவர் அந்தப் பஞ்சாயத்துக்கே போகாமல் பொருளாசையைப் பற்றி எச்சரித்தார் என்று.

நாமும் அதே அதிகாரத்தை வாசித்தோம். எச்சரிக்கை கேட்டவனுக்கு மட்டும் சொல்லப்படவில்லை, அங்கே நின்ற எல்லோருக்கும்தான். பிரிக்காமல் வைத்திருந்த சகோதரனுக்கும் அது பொருந்தும்தானே? ஆனால் நம்ம ஊரில் அந்த வசனம் தங்கச்சி வீட்டுக்கு மட்டுமே வருகிறது. அண்ணன் வீட்டு வாசலில் யாரும் அதை வாசித்து நாம் பார்த்ததில்லை.

எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தையும் கொஞ்சம் பாருங்க. செலொப்பியாத்தின் ஐந்து பெண் மக்கள், மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் அத்தனை பேருக்கும் முன்னால் நின்று, எங்கள் தகப்பன் பங்கை எங்களுக்குத் தாங்க என்று கேட்டார்கள். மோசே அதைக் கடவுளிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரி என்றுதான் பதில் வந்தது. ஒன்றை மறைக்க வேண்டாம்: அவர்களுக்கு ஆண் சகோதரர் இல்லை, ஆண் பிள்ளை இருந்தால் பெண்ணுக்கு இல்லை என்பதே அன்றைய முறை. ஆனால் யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில், யோபு தன் மகள்களுக்கு அவர்கள் சகோதரர்களோடேயே பங்கு கொடுத்திருக்கிறார். அந்த ஐந்து பேரும் யோசுவா காலத்தில் மறுபடியும் போய் ஞாபகப்படுத்தித்தான் நிலத்தை வாங்கினார்கள். உத்தரவு வந்தாலும் நடந்து நடந்துதான் வாங்கணும் போல, அன்றைக்கும்!

இப்போ சட்டம். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் அப்பா இறந்தால், அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் சரிசமமா. 90 சென்ட் நிலம், இரண்டு மகன், ஒரு மகள் என்று வைத்துக்கொள்ளுங்க. அம்மாவுக்கு 30 சென்ட், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 20 சென்ட். கல்யாணம் ஆன மகள், ஆகாத மகள் என்ற பேதம் கிடையாது. "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்பார்கள். போட்ட நகையை இந்தப் பங்கில் கழிக்கச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போது கேட்க உரிமை இல்லை. அவர் உயில் எழுதி யாருக்கு வேணுமானாலும் கொடுக்கலாம்.

எல்லாக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் இது சும்மா வந்துவிடவில்லை. பக்கத்துக் கேரளத்தில், பழைய திருவிதாங்கூர் பகுதியில், 1916-இல் வந்த சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986-இல் தீர்ப்பு வந்தது, அங்கேயும் சம பங்கு என்று. வழக்குப் போட்டது சொந்தச் சகோதரனுக்கு எதிராக. எவ்வளவு ஏச்சு வாங்கியிருப்பார் என்று நாம் யோசித்துக்கொள்ளலாம். 2022-இல் அவர் காலமானார்.

இந்து சகோதரிகளுக்குச் சட்டம் வேறு. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் திருத்தம் வந்தது. அதைத் தனியா ஒரு கூட்டத்தில் பேசணும்.

இனி கொஞ்சம் கசப்பான பேச்சு. பிறந்த வீட்டில் நாம் தங்கச்சி. புகுந்த வீட்டில் நாமே அண்ணி. நம் வீட்டுக்காரரின் தங்கச்சி கையெழுத்துப் போட வரும்போது காபி போட்டுக் கொடுத்து உட்கார வைப்பது யார்? "அவளுக்கென்ன, நல்லாத்தானே இருக்கா" என்று சொல்வது யார்? நாத்தனார் பங்கில் கட்டின வீட்டில் இருந்துகொண்டு, நம் பங்குக்காக ஜெபக்கூட்டத்தில் அழுவது எப்படி என்று நமக்குத் தெரியவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் அன்பியக் கூட்டத்திலும் இதைப் பேசினால் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. பரவாயில்லை, பேசுவோம்.

மனசார விட்டுக்கொடுப்பது வேறு. தம்பி கஷ்டப்படுகிறான், எனக்கு வேண்டாம் என்று தெரிந்தே கொடுத்தால் அது உங்க தானம். என்ன எழுதியிருக்கு என்று தெரியாமல் போடும் கையெழுத்தைத் தானம் என்று சொல்ல முடியாது.

தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுக்கும்போது மகள்கள் பெயரும் சேர்ந்திருக்கா என்று பாருங்க. சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூப்பிட்டால், முதல் நாளே பத்திர நகலைக் கேட்டு வாங்கி, படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து முழுசா வாசிக்கச் சொல்லுங்க. சந்தேகம் இருந்தால் தாலுகா கோர்ட்டில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு அங்கே வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் உதவி உண்டு. தனியா போகப் பயமாயிருந்தால் குழுவில் சொல்லுங்க, இரண்டு பேர் கூட வருவோம். பஸ் காசு அவங்கவங்க பாடு.