பிரிவும் பெருக்கமும்: கலைச்சொல் உணர்த்தும் பொருள்



கணக்கில் வகுத்தால் எண் குறையும். உயிரணுவோ பிரிந்தால் பெருகும். அவ்வாறு பிரியத் தூண்டும் பொருள்களைத் தமிழில் எவ்வாறு சுட்டுவது என்பதே நம் இன்றைய வினா.

அத்தகைய பொருள் நாம் பருகும் இளநீரிலேயே உண்டு. 1941இல் வான் ஓவர்பீக் குழுவினர், ஊமத்தையின் இளங்கருக்களைத் தேங்காய் நீர் கலந்த ஊட்டக் கரைசலில் வளர்த்துக் காட்டினர். பின்னர், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்கூக், மில்லர் முதலியோர் புகையிலைத் தண்டின் நடுத்திசுவை ஆய்ந்தனர். ஆக்சினை மட்டும் இட்டபோது உயிரணுக்கள் பருத்தனவேயன்றிப் பிரியவில்லை. 1955இல் ஹெர்ரிங் என்னும் கடல்மீனின் விந்தணு டி.என்.ஏ.விலிருந்து கைனெட்டினைத் தனித்தெடுத்து, ஆக்சினுடன் சேர்த்தனர். உயிரணுக்கள் பிரியத் தொடங்கின. இவ்வகைப் பொருள்களே சைட்டோகைனின்கள். தேங்காய் நீரிலும் இவை உள்ளமை பின்னர்த் தெளிவாயிற்று. ஆர்க்கிட் செடிகளைக் குடுவையில் வளர்ப்போர் இன்றும் தேங்காய் நீரைச் சேர்ப்பதுண்டு.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆக்சின், சைட்டோகைனின் ஆகிய இரண்டையும் 'வளர்ச்சி ஊக்கி' என்னும் ஒரே பெயரால் அழைக்கின்றோம். பருத்தலும் வளர்ச்சியே, பெருகுதலும் வளர்ச்சியே. ஆயின், "ஒன்று இருக்க மற்றொன்று எதற்கு?" என்று மாணவர் வினவினால், அப்பொதுப்பெயர் விடை தாராது. 'பிரிவுத்தூண்டி' என்றால் சொல்லே விடை பகரும். 'ஊக்கி' என்பதில் நன்மைச் சாயல் உண்டு, 'தூண்டி' நடுநிலையானது. உடலில் உயிரணுப் பிரிவு கட்டுமீறினால் புற்றுநோயாகும் என்பதை எண்ணினால், அந்நடுநிலையின் தேவை விளங்கும்.

தமிழகப் பாடநூல்கள் 'செல்' என்கின்றன. இலங்கைத் தமிழர் 'கலம்' என்கின்றனர். நாம் 'உயிரணு' என்கின்றோம். 'சைட்டோ' என்பதன் கிரேக்க வேர்ச்சொல்லுக்கும் 'கலம்' என்பதே பொருள். இவ்வேறுபாடு இடத்தால் வந்தது. இதனால் பொருள் கெடவில்லை. எனவே, இதற்காக நாம் பூசலிட வேண்டுவதில்லை. பருத்தலுக்கும் பிரிதலுக்கும் உள்ள வேறுபாடோ பொருளால் வந்தது; அதனை ஒரே சொல்லில் மறைத்தால் மாணவரின் அறிவு மயங்கும்.

ஆகவே, ஆசிரியர்களே, புதிய கலைச்சொல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுமுன், அது எதனை எதனினின்று வேறுபடுத்துகிறது என்று வினவுங்கள். மாணவர்களே, அவ்வினாவை ஆசிரியரிடம் கேட்கத் தயங்காதீர்கள். அறிவியல் தமிழ் அவ்வினாவினால் வளரும்.