சிறப்புக் குழந்தைகளும் குடும்பச் சுற்றுலாவும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியதாகத் தோன்றும். விடுமுறையில் வெளியூர் செல்லும் குடும்பத்தார், ஆட்டிசமோ அறிவுவளர்ச்சிக் குறைபாடோ உடைய தம் குழந்தையையும் உடனழைத்துச் செல்லல் வேண்டும் என்பதே அது. இதிற் பேச என்ன இருக்கிறது என்பீராயின், நம் இல்லங்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். கலியாணத்திற்குத் தந்தை போவார். தாய் அக்குழந்தையுடன் வீட்டிலிருப்பாள். கோடையில் மற்றப் பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போவர். இவ்விருவரும் கதவைச் சாத்திக்கொண்டிருப்பர். இவ்வாறே ஆண்டுகள் பல கழிகின்றன. குழந்தையோடு தாயும் சிறைப்படுகிறாள்.

குழந்தையால் இயலாது என்று காரணங் கூறுவர். உண்மைக் காரணம் பெரும்பாலும் பிறர் பார்வையே. தமிழில் உலா என்பது தொண்ணூற்றாறு வகைப் பிரபந்தங்களுள் ஒன்று. தலைவன் வீதியில் உலா வர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் அவனைக் கண்டு காதல் கொள்வதாகப் பாடுவது அதன் இலக்கணம். நம் குழந்தை வீதிக்கு வந்தாலும் எல்லாரும் பார்க்கின்றனர். ஆனால் அப்பார்வையில் அன்பில்லை. ‘ஏன் இப்படிக் கத்துகிறான்? வளர்ப்புச் சரியில்லையோ?’ என்னும் ஐயமே இருக்கிறது.

அக்கத்தல் பிடிவாதமன்று. ஆட்டிசமுடைய குழந்தைகள் பலரை ஒலியும் ஒளியும் கூட்டமும் நம்மினும் மிகுதியாகத் தாக்கும். மேளவொலி நமக்கு மங்கலம், அவர்க்கோ வேதனை. எதிர்பாராத மாற்றமும் அத்தகையதே. இதனை அறிந்தால் வழியும் புலப்படும்.

முதலாவது, முன்னறிவிப்பு. ஏறும் வண்டி, போகும் இடம், தங்கும் வீடு ஆகியவற்றின் படங்களைச் சில நாள் முன்பிருந்தே வரிசையாகக் காட்டிச் சொல்லுக. இரண்டாவது, அளவறிதல். முதலில் ஒருமணி நேரம் பூங்காவிற்குச் சென்று, குழந்தை களித்திருக்கும்போதே திரும்புக, பின்னர் ஒருநாட் பயணம், அதன்பின் வெளியூர். பழகிய உணவும் போர்வையும், ஒலியைக் குறைக்கும் காதுமூடியும் உடனிருக்கட்டும். வலிப்பு மருந்து உண்ணும் குழந்தையாயின் வேளை தவறலாகாது. உறக்கமின்மை வலிப்பைத் தூண்டக்கூடுமாதலின், இரவுப் பிரயாணத்தில் கருத்து வேண்டும். மூன்றாவது, காவல். இக்குழந்தைகளுட் சிலர் சொல்லாது விலகிச் செல்வர். நீரை நாடிச் செல்வாரும் உண்டு. கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் ஒருவர் அக்குழந்தையையன்றி வேறெதனையும் பாராதிருத்தல் வேண்டும். பெற்றோரின் தொலைபேசி எண்ணைச் சட்டையின் உட்புறத்தில் தைத்து வைக்க.

இனி, அரசினர் அளித்துள்ள உதவிகளை நம்மவருள் பலர் அறியார். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. ஆட்டிசமும் அவற்றுள் ஒன்று. துணையின்றிச் செல்லவியலாத அறிவுவளர்ச்சிக் குறைபாடுடையார்க்கு, இரயிலில் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பு ஆகியவற்றில் கட்டணம் நூற்றுக்கு 75 பங்கு குறையும். உடன் செல்லும் ஒருவர்க்கும் அச்சலுகை உண்டு. உரிய சான்றினை முன்னரே பெற்றுக்கொள்க. தமிழ்நாட்டுச் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் துணைவர் ஒருவர்க்கும் கட்டணமில்லை. சென்னை மெரினாவில், சக்கர நாற்காலி கடலருகே செல்வதற்கென மரப்பாதையொன்று 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. மறுமாதமே மாண்டஸ் புயல் அதனைச் சிதைத்தது, பின்னர்ச் செப்பனிட்டனர். புயல் சிதைத்ததையும் மீட்டுக் கட்டலாம் என்பதற்கு அது சான்று.

நிற்க. அரசினர் பாதை அமைக்கலாம். பார்வையை மாற்றுதல் நம் கடமை. சுற்றி நிற்பதாற் சுற்றம் எனப்பட்டது. அது வேலியாகவும் நிற்கலாம், சிறைச்சுவராகவும் நிற்கலாம். ஆதலின் சங்கத்தார்முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றேன். கலியாணத்திற்கு அழைக்கச் செல்வோர் அக்குழந்தையையும் பெயர் சொல்லி அழைப்பாராக. மண்டபத்தில் மேளவொலி எட்டாத அறையொன்றை ஒதுக்குவாராக. பந்தி நேரத்தில் உறவினர் ஒருவர் குழந்தையை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு, தாயை இலையில் அமர்ந்து ஆற உண்ணச் செய்வாராக.

சங்கத்துச் சுற்றுலாவிலும் முதலிடம் இக்குடும்பங்களுக்கே ஒதுக்கப்படுதல் வேண்டும். அவர்கள் ஏறிய பின்னரே வண்டி புறப்படுக என்று வேண்டி, என் உரையை முடித்துக்கொள்கின்றேன்.