தேமல் என்று வருபவரின் கையில் எதைக் கொடுப்போம்?



தோல் மருத்துவர்களும் நோய்க்குறியியல் வல்லுநர்களும் செவிலியர்களும், அவர்களோடு சரிசமமாக நோயாளிகளும் அமர்ந்திருக்கும் அவைக்குத் தலைமை ஏற்பதில் மகிழ்கிறேன். தோல் லிம்போமா என்னும் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தமிழில் தெளிவான கையேடு ஒன்றை உருவாக்கவே கூடியிருக்கிறோம்.

நாம் கூடியிருக்கும் திருவண்ணாமலை, பழைய வடாற்காட்டிலிருந்து 1989-இல் பிரிந்த மாவட்டம். அந்த வடாற்காட்டில்தான், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார் பால் பிராண்டு. பக்கத்திலேயே கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் எழுந்தது. ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்று சுவரில் எழுதிய எச்சரிக்கை, படிக்கத் தெரியாதவர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. மருத்துவ அறிவு மக்கள் பேச்சில் இறங்கியதற்கு இதைவிட நல்ல சான்றை நான் காணவில்லை.

இன்று நாம் பேசும் நோயும் இங்கே தேமலாகவே வருகிறது. தோல் லிம்போமாக்களில் மிகுதியாகக் காணப்படும் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ், வெள்ளைத் தோலில் சிவந்த திட்டுகளாகத் தெரியும். நம் மாநிறத் தோலிலோ பல நேரம் வெளிறிய திட்டுதான். இடுப்பு, தொடை, பிட்டம் என்று துணி மறைக்கும் இடங்களில். ஒருவர் தொழுநோய் என்று பயப்படுகிறார். இன்னொருவர் படை என்று மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கித் தடவுகிறார். திட்டு மங்கும், திரும்ப வரும். ஆகவே நம் கையேட்டின் படங்கள் நம்மவர் தோலிலேயே எடுத்தவையாக இருக்கட்டும். மேலைநாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு இருப்பது வேறு நோய் என்று ஒருவர் நிம்மதியாகப் போய்விடக் கூடாது.

அலிபெர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1806-இல் இதை முதலில் விவரித்தார். முற்றிய கட்டிகள் காளான்போல் இருந்ததால் வந்த பெயர் இன்றும் குழப்புகிறது. இது பூஞ்சை நோய் அன்று. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் தோலில் தங்கி, கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் வருவது.

நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது பயாப்சியைப் பற்றி. தொடக்கத்தில் நுண்ணோக்கியில் பார்த்தாலும் இது சாதாரணக் கரப்பான்போலவே தோன்றும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை சதை எடுக்க நேரும். நோயை உறுதி செய்யப் பல ஆண்டுகள் ஆவதும் உண்டு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ‘டாக்டருக்கே தெரியவில்லை’ என்று நோயாளி மருத்துவமனையை மாற்றுகிறார். பழைய ஸ்லைடும் சீட்டும் தொலைகின்றன. புதிய இடத்தில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இதைத் தடுக்க, கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுவோம்: மறுபடி பயாப்சி செய்வது இந்த நோயில் வழக்கம், பழைய ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள், தடவிய களிம்பு எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள், பயாப்சிக்கு முன் அதை எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள்.

அடுத்த பக்கத்தில் ‘பொழைப்பேனா?’ என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். தோலின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் வெறும் திட்டுகளாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால், பெரும்பாலோரின் ஆயுள் அதே வயதுடைய மற்றவர்களின் ஆயுளை ஒட்டியே அமைகிறது. விரல்களோடு சேர்ந்த ஒருவரின் உள்ளங்கை, அவர் உடல் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. இதைச் சொல்லிக் கொடுத்தால் நோயாளியே வீட்டில் அளந்து பார்ப்பார். அந்நிலையில் களிம்பும் ஒளிச்சிகிச்சையுமே பலருக்குப் போதும். கீமோ கொடுக்கவில்லை என்பதால் மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்று குடும்பம் உடைந்துபோக வேண்டியதில்லை.

ஒளிச்சிகிச்சை வாரம் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் நடக்கும். ஜவ்வாது மலையிலிருந்து வருபவருக்கு அது எத்தனை நாள் கூலி என்று எழுதுகிறவர் நினைக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை நம் ஊருக்கே உரியது. வெண்புள்ளிக்கு நாட்டு மருந்தாகத் தரும் கார்போக அரிசியில் சோரலென் இருக்கிறது. தோலை ஒளிக்குக் கூசச் செய்யும் பொருள். மருத்துவருக்குத் தெரியாமல் அதைச் சாப்பிட்டுவிட்டு ஒளிப்பெட்டிக்குள் நின்றால் தோல் வெந்துபோகும். சித்த மருத்துவர்களும் இந்தப் பக்கத்தை எழுத நம்மோடு உட்கார வேண்டும்.

வரைவின் படிகள் உங்கள் இருக்கைகளில் உள்ளன. முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பு இல்லை. நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் வரைவை உரக்கப் படிப்பார்கள். அவர்கள் தடுமாறும் இடங்களை மருத்துவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே விளக்கம் சொல்ல வேண்டாம். பிற்பகலில் அந்த வரிகளை மட்டும் எடுத்துத் திருத்துவோம். மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.