ஒரே பந்து, வேறு வேறு கோப்பை

(அணுசக்தி நகரில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டு மக்களை ஒன்றுசேர்க்கும் என்பது பாதி உண்மை. அது பிரிக்கவும் செய்யும். இரண்டுக்கும் சான்று இந்த மும்பையிலேயே இருக்கிறது.

1912 முதல் இங்கு ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என மதவாரியாக நான்கு கிரிக்கெட் அணிகள் மோதின. 1937இல் 'எஞ்சியோர்' என்ற ஐந்தாவது அணியும் சேர்ந்தது. ஆட்டத்தைக் காண நகரமே திரண்டது. ஆனால் யார் எந்தப் பக்கம் என்பது பிறப்பிலேயே முடிவாகியிருந்தது. 1946இல்தான் அந்தப் போட்டி ஓய்ந்தது.

இந்து அணிக்குள்ளேயே மற்றொரு பிளவு. பல்வங்கர் பாலு சமார் சமூகத்தில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் சங்கத்தின் ஆடுகளத்தைப் பராமரித்த தொழிலாளி. அவர் தொட்ட பந்தை உயர்சாதி ஆட்டக்காரர்கள் தொட்டனர். தேநீர் வேளையிலோ அவருக்கு மட்டும் வெளியே, தனி மண்குவளையில். வெற்றிக்கு அவர் கை வேண்டும், பந்திக்கு வேண்டாம்! 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியும் தலைமைப் பொறுப்பு அவருக்கு வழங்கப்படவில்லை. தலைமைத் தேர்வில் சாதி பார்க்கப்படுவதைக் கண்டித்து 1920இல் தம்பியர் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினர். 1923இல் விட்டல் அணித்தலைவரானார். கூடி ஆடியதால் மட்டும் வந்த மாற்றமல்ல அது. ஆட மறுத்ததாலும் வந்தது.

1992-93 கலவரங்களுக்குப் பின் மொஹல்லா கமிட்டிகள் இந்நகரில் வேறுவிதக் கிரிக்கெட்டை நடத்தின. வெவ்வேறு மதத்து இளைஞர்களும் காவலர்களும் ஒன்றாக ஆடினர். ஐந்து அணிப் போட்டியிலும் இதே மட்டை, இதே பந்துதான். அணி கட்டப்பட்ட விதமே வேறு.

இனி, இந்தப் பகுதி. அவசரநிலைக் காலத்தில், 1976 மே 17 அன்று ஜனதா காலனி இடிக்கப்பட்டு, ஏறத்தாழ 70,000 பேர் சீட்டா கேம்ப்புக்குத் தூக்கியெறியப்பட்டனர். அவர்களில் தமிழர் ஏராளம். அணுசக்தித் துறைக் குடியிருப்பினுள் மைதானங்கள் உண்டு. சீட்டா கேம்ப்பின் பிள்ளைகளுக்குச் சந்துதான் ஆடுகளம். பந்து யார் வீட்டுக் கதவில் பட்டது என்பதில் தொடங்கும் சண்டை, அது எந்த மதத்தார் வீடு என்பதில் போய் முடிய அதிக நேரம் ஆகாது.

ஆகவே வாலிபர் அணிகளைச் சாதிச் சங்கத்தின் பெயராலோ கோயில், பள்ளிவாசல் பெயராலோ கட்டக் கூடாது. சந்துவாரியாகக் கட்ட வேண்டும். தலைமை சுழன்று வரட்டும். பெண்களுக்கும் ஆடும் நேரம் ஒதுக்கப்படட்டும். பொது மைதானம் கேட்டு மாநகராட்சிக்கு அளிக்கும் மனுவில் அந்த அணிகளே முதல் கையெழுத்திடட்டும்.