மாத்திரை வரும் வாசலுக்குக் கண் பரிசோதனையும் வரட்டும்

முதியோரிடையே நீரிழிவு விழித்திரை நோய் எந்த அளவு பரவியிருக்கிறது என்று ஆராய இந்தக் கருத்தரங்கில் கூடியிருக்கிறோம்.

இந்தக் கேள்விக்குச் சென்னை முன்பே விடை தேடியிருக்கிறது. டாக்டர் வி. மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்துச் சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது. 40 வயதைக் கடந்தவர்களிடம் சங்கர நேத்ராலயா நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில் 18 சதவீதம். 2015 முதல் 2019 வரை 50 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த தேசிய ஆய்வில் 16.9 சதவீதம். வயது வரம்பும் பரிசோதனை முறையும் வேறானவை. ஆகவே இவற்றை ஒப்பிட்டு நோய் குறைந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. ஆனாலும், சர்க்கரை உள்ளவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் என்பதில் மூன்றும் ஒத்துப்போகின்றன.

வயதைவிடச் சர்க்கரையோடு வாழ்ந்த ஆண்டுகளே இங்கே முக்கியம். நாற்பத்தைந்தில் சர்க்கரை வந்தவருக்கு அறுபத்தைந்தில் இருபது ஆண்டு நோய். விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன. பின்னர் வலுவற்ற புதுக் குழாய்கள் முளைத்து உடைகின்றன. வலி கிடையாது. நடுவிழித்திரை வீங்கும்வரை பார்வையும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

சென்னையின் மீனவர் குடியிருப்பான நொச்சிக்குப்பத்தில் வலை பின்னும் முதியவருக்குக் கண்ணி தெரியாமல் போனால், “வயசாச்சு, புரையா இருக்கும்” என்று விட்டுவிடுகிறார். புரையை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். விழித்திரையில் இழந்த பார்வை பெரும்பாலும் முழுதாக மீள்வதில்லை. லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் மிஞ்சியதைக் காக்கவே முதன்மையாக உதவுகின்றன. கண் பரிசோதனைக்கு வர மீன் விற்கும் அம்மா காட்டும் தயக்கமும் நியாயமானது: பாவை விரியச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், பணத்தாளின் எண் மங்கும், அன்றைய வியாபாரம் போயிற்று.

சொட்டு மருந்து இல்லாமலே விழித்திரையைப் படமெடுக்கும் கேமராக்கள் இன்று உள்ளன. ஆனால் முதியவர்களுக்குப் பாவை சிறுத்திருக்கும், புரையும் மறைக்கும். படம் தெளிவாக விழாது. அத்தகைய படங்களை ‘படிக்க இயலாதவை’ என்று ஒதுக்கிவிட்டுச் சதவீதம் கணக்கிட்டால், அதிக ஆபத்தில் இருப்பவர்களே கணக்கிலிருந்து நழுவுகிறார்கள். எனவே இங்கே கட்டுரை வாசிப்போர் அந்த எண்ணிக்கையைத் தனியே சொல்ல வேண்டும். அத்தகையோருக்குச் சொட்டு மருந்திட்டு மறுபடி பார்த்தார்களா என்பதையும் சொல்ல வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. அதே வழியில் குப்பத்துக்கு ஆண்டுக்கொரு முறை விழித்திரைக் கேமராவும் வர வேண்டும். சந்தை நேரம் முடிந்த பிறகு வர வேண்டும். இந்தக் கருத்தரங்கம் அரசுக்கு அளிக்கும் முதல் பரிந்துரையாக இது அமையட்டும்.

இங்கே வந்திருக்கும் நொச்சிக்குப்பத்துப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள்: சர்க்கரை இருந்தால், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.