ஈரநிலத்தில் ஒரு பாலைச் செடி

பாலை நிலத்துக்குரிய செடியொன்றை நீர்வளம் மிக்க ஊரிலே வளர்ப்பது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள். செடியின் பெயர் அடீனியம். பாலைவன ரோசா என்று பூக்கடைக்காரர் அதனை அழைக்கின்றனர். ரோசாவுக்கும் அதற்கும் யாதோர் உறவும் இல்லை. அடித்தண்டு பானைபோற் பருத்திருக்கும். அதன் மேலே குட்டையான சில கிளைகள். கிளை நுனிகளிலே எக்காள வடிவில் ஐந்திதழ்ப் பூக்கள், பெரும்பாலும் இளஞ்சிவப்பு நிறத்தன. மூன்று சாண் உயரங்கூட இல்லாத செடி, நூறாண்டு கண்ட ஆலமரத்தின் தோற்றத்தைக் காட்டி நிற்கும். அதனாலேதான் அதற்கு இத்தனை மதிப்பு.

ஊர், பேலியகொடை. கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்து களனி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். தாழ்ந்த நிலம், வயலும் சதுப்பும் மண்ணிட்டு நிரப்பப்பட்டு வீடுகளும் பண்டகசாலைகளும் எழுந்த நிலம். மழைக்காலத்திலே இரண்டு சாண் தோண்டினால் நீர் ஊறும். கொழும்பிலே ஓராண்டிற் பெய்யும் மழை ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர். அடீனியம் தன் பெயரைப் பெற்ற ஏடன் துறைமுகத்திலோ, ஓராண்டில் 50 மில்லிமீற்றர் பெய்தால் அதுவே பெரிது. அங்கே பிறந்த செடி இங்கே வாழ வேண்டும்.

அப்பெயர் வந்த கதை சுவையானது. 1761 ஆம் ஆண்டிலே தென்மார்க்கு மன்னர் அராபிய நாட்டுக்கு ஓர் ஆராய்ச்சிக் குழுவை அனுப்பினார். அதிலே தாவரங்களை ஆராயச் சென்றவர் பீற்றர் போர்ஸ்கால் என்பவர், லின்னேயசின் மாணாக்கர். 1763 இல் யேமன் நாட்டிலே காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அக்குழுவில் உயிரோடு நாடு திரும்பியவர் கார்ஸ்ரென் நீபூர் ஒருவரே. தோழர் விட்டுச்சென்ற குறிப்புகளை அவர் 1775 இலே நூலாக வெளியிட்டார். அந்நூலில் இச்செடி அலரியின் இனமாகவே எழுதப்பட்டிருந்தது. பின்னர் 1819 இல் தனியினமாகப் பிரித்து, அடீனியம் ஒபீசம் என்று பெயரிட்டனர். ஒபீசம் என்றால் கொழுத்தது என்று பொருள். பருத்த அடித்தண்டைக் கண்டவர் வேறு பெயர் இட்டிருக்க முடியாது.

அலரியின் இனம் என்று போர்ஸ்கால் கருதியது பெரும் பிழையன்று. செவ்வலரி, மஞ்சள் அலரி, நித்தியகல்யாணி, கோயில் வீதிகளிலே நிற்கும் ஈழத்தலரி ஆகிய யாவும் அடீனியத்தின் குடும்பத்தவையே. இவற்றுள் ஈழத்தலரி அமெரிக்காவிலிருந்து வந்தது; வந்த பிறகு தமிழர் அதற்கு ஈழத்தின் பெயரையே இட்டுவிட்டனர். அடீனியத்துக்கு இன்னும் அந்தப் பேறு கிட்டவில்லை.

ஆண்டுதோறும் இச்செடியை விலைகொடுத்து வாங்கி, ஆண்டுதோறும் இழப்பவர் பலர். சிறிய செடியே நல்ல விலை. தாய்லாந்திலும் தாய்வானிலும் உண்டாக்கிய அடுக்கிதழ் வகைகளுக்கு விலை இன்னும் மிகும். வாங்கிய செடி ஆறு மாதம் பூத்துக் குலுங்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் இலைகள் மஞ்சளிக்கும். வாடுகிறதே என்று வீட்டார் இரங்கி, காலையும் மாலையும் நீர் வார்ப்பர். பத்து நாளிலே செடி சாய்ந்துவிடும். அடித்தண்டைத் தொட்டால் அழுகிய வாழைப்பழம்போல விரல் உள்ளே போகும். வறட்சியாற் பேலியகொடையிலே இறக்கும் அடீனியம் மிக அரிது. இரக்கத்தால் இறப்பவையே அதிகம்.

காரணம் எளிது. வேர்களுக்கு நீர் வேண்டும். அதனினும் மேலாகக் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளிகள் யாவும் நீரால் நிரம்பிக் காற்று அற்றுப்போனால் வேர் மூச்சுமுட்டி இறக்கும். இறந்த வேரிலே அழுகல் பற்றும். தடித்த அடித்தண்டு முழுவதும் நீர்ச்சேமிப்பாதலால் அழுகல் அதனுட் புகுந்தால் விரைந்து பரவும். பழந்தமிழர் முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்றனர். மருதம் பாலையாகத் திரியும் என்று சொன்னவர் இலர். பேலியகொடைவாசி அதனைச் செய்தாக வேண்டும். ஒரு சாடியின் அளவுக்குச் செய்தாற் போதும்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். ஊர்மண் களிமண், அதிலே ஒரு பிடியும் சேரலாகாது. ஆற்றுமணலை அரித்து, அரிதட்டின் அடியில் விழும் நுண்மணலை நீக்கி, மேலே தங்கும் பரும்பருக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரை மணல் நுண்மையும் உப்பும் உடையது, ஆகாது. பருக்கையோடு சுண்டுவிரல் நகத்தளவான செங்கற் சிதறலும் கரித்துண்டும் சேர்க்க வேண்டும். இவை மூன்று பங்கு, நன்கு மக்கிய இலையுரம் ஒரு பங்கு. தும்புத்தூள் மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் அதனையே நிரப்புகின்றனர். அது நீரைப் பஞ்சுபோற் பிடித்து வைத்துக்கொள்ளும். மிளகாய்க்கன்றுக்கு அது நல்லது, இதற்கு யமன். கலவை சரியானதா என்று அறிய, ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்க்கலாம். மேலே தேங்கி நில்லாமல், சில நொடிகளில் அடித்துளை வழியே வழிந்துவிட வேண்டும்.

அடுத்தது சாடி. ஆழம் குறைந்து வாய் அகன்ற மண்சாடியே சிறந்தது. சாடியின் சுவரும் ஈரத்தைக் குடித்து வெளியே விடும். சாடி வாங்க வசதியில்லாதவருக்குப் பேலியகொடையிலே ஒரு வாய்ப்பு உண்டு. மத்திய மீன்சந்தை அங்கேதான் இருக்கிறது. மீன் வரும் ரெஜிபோம் பெட்டிகள் உடைந்தும் உடையாமலும் கழிக்கப்படுகின்றன. அவற்றை உப்பும் நாற்றமும் போக நன்கு கழுவி, வெயிலிலே காயவிட்டு, அடியிலே விரல் நுழையுமளவுக்குப் பத்துத் துளையிட்டால் நாற்று வளர்க்க ஏற்ற தொட்டியாகும். அழகில்லை என்பது உண்மை. ஆயினும் தூக்கி வைக்க இலகுவானது. இலகுவாயிருப்பதன் பயன் பின்னாலே தெரியும்.

சாடியைத் தரையில் வையாது இரண்டு செங்கல்லின் மேல் வைக்க வேண்டும். அடியிலே தட்டு வைத்தலாகாது. தட்டிலே தேங்கிய நீர் வேரை அழுக்குவதோடு நில்லாது, நுளம்புக்கும் பிறப்பிடமாகும். கொழும்பிலே டெங்குக் காய்ச்சல் பரவும் காலங்களிற் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடுவீடாக வந்து முதலில் நோக்குவனவற்றுள் பூச்சாடித் தட்டும் ஒன்று என்பதை நேயர்கள் அறிவார்கள்.

நீர் வார்க்கும் முறைக்குக் கணக்கு வேண்டியதில்லை; ஓர் ஈர்க்குப் போதும். ஈர்க்கைச் சாடியின் அடிவரை செலுத்திச் சற்றுப் பொறுத்து எடுத்தால், ஈரமும் மண்ணும் ஒட்டியிருக்கும். அல்லது உலர்ந்து வரும். உலர்ந்து வந்தாலன்றி நீர் வார்க்கலாகாது. வார்க்கும்போது தெளித்து விடாமல், அடியால் ஒழுகும்வரை நிறைய வார்த்துவிட வேண்டும். சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள வெயில் நாட்களில் இது வாரத்துக்கு இரண்டு முறை ஆகலாம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழைபடும் சாடிக்கு ஒரு துளியும் வேண்டா. அம்மாதங்களிலே செடியைக் கூரைத் தாழ்வாரத்தின் விளிம்புக்கோ ஒளிபுகும் தகட்டின் கீழோ மாற்றிவிடுவதே அறிவு. ஒளி குறையலாகாது; நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் கிடையாத இடத்திலே இலை தழைக்கும், பூ வராது. மாடிவீட்டு முகப்பில் வளர்ப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு இதனினும் ஏற்ற பூச்செடி இல்லை எனலாம். நல்லூர்த் திருவிழாவுக்கென்று வீட்டைப் பூட்டிப் புறப்பட்டு மூன்று வாரங் கழித்துத் திரும்பி வந்தாலும், தாழ்வாரத்திலே வைத்துப்போன அடீனியம் அப்படியே நிற்கும். சற்றே சுருங்கியிருக்கலாம். அச்சுருக்கத்துக்கு அஞ்ச வேண்டா. தாகத்தாற் சுருங்கிய தண்டு எங்கும் ஒரே சீராகத் தளர்ந்திருக்கும். நீர் கண்டதும் சில நாளில் நிமிரும். அழுகல் அவ்வாறன்று. ஓரிடம் மட்டும் கறுத்து மெத்தென்று அமுங்கும், நாற்றமும் வீசும். இவ்விரண்டையும் பெருவிரலால் அழுத்திப் பிரித்தறியக் கற்றவர் செடியைக் காப்பாற்றுவர்.

அழுகல் கண்ட செடியையும் கைவிட வேண்டியதில்லை. சாடியிலிருந்து பிடுங்கி, வேரைக் கழுவி, கூரிய கத்தியால் அழுகிய பகுதியை வெட்ட வேண்டும். வெட்டுவாயிலே பழுப்புக் கோடோ புள்ளியோ தெரியும் மட்டும் வெட்டுதல் நிற்கலாகாது. தூய வெண்சதை தெரிந்த பிறகு கரித்தூளையோ கறுவாப்பட்டைத் தூளையோ தடவி, நிழலிலே காற்றுப்பட ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் உலரவிட்டு, உலர்ந்த மணலிலே நட வேண்டும். புதுத்தளிர் காணும் வரை நீரை மறந்துவிட வேண்டும். பாதித் தண்டு போனபின்னும் இவ்வாறு பிழைக்கும் செடிகள் உண்டு.

வெட்டும்போது வடியும் பாலைப்பற்றி ஓர் எச்சரிக்கை. ஆபிரிக்காவிலே வேட்டைக்காரர் அம்பு நுனியிற் பூசிய நஞ்சு இதுவே. இதயத்தைத் தாக்குவது. மஞ்சள் அலரி விதையின் கொடுமையை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். அதே வகை நஞ்சு இதிலும் உண்டு. கையுறையிட்டு வெட்டுதல், வெட்டிய பின் கத்தியையும் கையையும் சவர்க்காரத்தாற் கழுவுதல், சிறுவருக்கும் ஆட்டுக்கும் எட்டாத உயரத்திலே வைத்தல் என்பவற்றிலே சோம்பல் கூடாது. குழந்தை இலையையோ பூவையோ கடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் தேடாமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இந்நஞ்சு ஒன்றும் செய்யாத உயிரும் ஒன்று உண்டு. அலரிகளை உண்ணும் பருந்தந்துப்பூச்சியின் புழு, விரலளவு பச்சை உடலும் நீலக்கண் போன்ற இரு புள்ளிகளும் கொண்டது, ஓரிரவில் இலை முழுவதையும் தின்று தீர்த்துவிடும். கையாற் பொறுக்கி அகற்றினாற் போதும். மருந்து தெளிக்க வேண்டிய தேவை இல்லை.

எருவைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எலும்புத்தூளும் சிறிது விறகுச் சாம்பலும் ஆண்டுக்கிருமுறை இட்டால் நன்று. மீன் கழுவிய நீரை முருங்கைக்கு வார்க்கலாம். அடீனியத்துக்கு வார்த்தால் இலை கொழுத்து, தண்டு மென்மையாகி, அழுகலுக்கு வாய்ப்பாகும்.

பூ புதுக்கிளையின் நுனியிலேயே வரும். ஆகவே பெப்ரவரியிலே, வானம் வெளித்திருக்கும் நாள் பார்த்து, நீண்ட கிளைகளைக் குறைக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு மாதத்திலே பூக்கும். பருத்த அடித்தண்டை விரும்புவோர் விதையிலிருந்து வளர்க்க வேண்டும். கிளையை வெட்டி நட்டால் வேர்விடும், ஆயினும் அப்பானை வடிவம் எளிதில் வாராது. காய் கொம்புபோல் இரட்டையாக வரும். முற்றியதும் நூலாற் கட்டிவைக்காவிடின், வெடித்து, இருபுறமும் பஞ்சுக்குஞ்சம் உடைய விதைகள் காற்றோடு போய்விடும். புதிய விதை ஒரு வாரத்தில் முளைக்கும். சாடி மாற்றும் ஒவ்வொரு முறையும் செடியை ஓரிரு விரற்கடை மேலே தூக்கி நட்டால், மண்ணுள் மறைந்திருந்த தடித்த வேர்கள் வெளியே தோன்றி ஆலம்வேரின் அழகைத் தரும்.

இனி வெள்ளம். 2016 ஆம் ஆண்டு மே மாதத்திலே களனி ஆறு பெருகியபோது கரையோர ஊர்கள் பலவற்றிலே வீடுகளுள் நீர் புகுந்தது. அத்தகைய நாட்கள் இனியும் வரும். ஆற்றின் மறுகரையிலே நாகலகம் வீதி நீர்மானியின் அளவை வானொலி அறிவிக்கும் நேரத்தில், அரிசியையும் ஆவணங்களையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் மேலேற்றுவோர் பூச்சாடியை நினைப்பதற்கில்லை. நினைத்தாலும் மண்சாடியின் பாரம் இடந்தராது. ரெஜிபோம் பெட்டி இலகு என்றது இதற்காகவே. அதற்கும் நேரமில்லையெனின், செடியைச் சாடியிலிருந்து பிடுங்கி, மண்ணை உதறி, பழைய பத்திரிகைத் தாளிலே சுற்றிப் பரணில் எறிந்துவிடலாம். இரண்டு மூன்று வாரம் மண்ணும் நீருமின்றி அது கிடக்கும். நாடுவிட்டு நாடு விற்கப்படும் செடிகள் அவ்வாறே பொதியில் வருகின்றன. நீர் வடிந்து, வீடு கழுவி, அடுப்பு மூட்டி, எல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாக எடுத்து நடலாம். பழைய மண்ணை மட்டும் மீண்டும் பயன்படுத்தலாகாது. வெள்ளச் சேறு படிந்த மணலைக் கழுவி, நல்ல வெயிலிலே இரண்டு நாள் பரப்பி உலர்த்திய பின்னரே சாடியில் இட வேண்டும்.