ஆறு: ஒரு சொல்லின் பிறப்பும் திரிபும்



கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் "ஆத்துல தண்ணி வருது" என்பார். அவர் மகன் பள்ளியில் அதையே சொன்னால், கொச்சை என்று கண்டிக்கப்படுவான். 'ஆற்றில்' என எழுதக் கற்பிப்பது கடமையே. ஆயினும் அப்பேச்சில் உறையும் தொன்மையை அறியாது பழிப்பது தகாது.

'ஆறு' என்பதன் முந்தைய வடிவம் 'யாறு'. யாண்டு ஆண்டாகவும் யாடு ஆடாகவும் ஆனது போல இதுவும் யகரம் இழந்தது. தெலுங்கில் ஆற்றுக்கு 'ஏறு', ஆண்டுக்கு 'ஏடு', யானைக்கு 'ஏனுகு' என வழங்கும். தமிழில் 'யா' நிற்கும் இடத்தில் தெலுங்கில் 'ஏ' நிற்கும் இவ்வொழுங்கைக் கொண்டே, எந்த ஏட்டிலும் எழுதப்படாத மூலத் திராவிடச் சொல்லை மொழியியலார் உடுக்குறியிட்டு *யாறு என மீட்டமைக்கின்றனர். 1856-இல் கால்டுவெல் நூலால் வலுப்பெற்ற ஒப்பியலுக்கு, 1961-இல் பர்ரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி பெருந்துணையாயிற்று.

மூலச்சொல்லின் றகரம் இன்றுள்ளது போல அதிரும் ஒலியன்று. நாநுனி மேற்பல்லின் ஈற்றை ஒற்றப் பிறந்த வல்லொலி. எழுவாயில் அது தேய்ந்தது. வேற்றுமையிலோ இரட்டித்து நின்றமையால் பிழைத்தது: ஆற்றை, ஆற்றுக்கு, ஆற்றில். இவ்விரட்டிப்பைத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விதிக்கிறது. தெலுங்கின் 'ஏறு' வேற்றுமையில் 'ஏட்டி' என்பதன் மெலிந்த வடிவாய் 'ஏடி' என நின்று, அங்கும் வல்லொலியைக் காக்கிறது. குமுளி மலையேறினால், மலையாளத்தின் 'ஆற்றில்' என்னும் சொல்லில் அப்பழைய ஒலியை இன்றும் செவியாரக் கேட்கலாம்.

எண்ணாகிய 'ஆறு' வேறு சொல். அதனால்தான் 'ஆறில் ஒரு பங்கு' என்கிறோம். 'ஆற்றில் வெள்ளம்' என்கிறோம். எழுவாய் மறைத்த வேற்றுமையை உருபேற்ற வடிவம் வெளிப்படுத்துகிறது.

1895 முதல் பெரியாற்று நீர் மலையைக் கடந்து இப்பள்ளத்தாக்கை வளப்படுத்துகிறது. அகநானூற்றிலும் சிலப்பதிகாரத்திலும் வரும் 'பேரியாற்று' என்னும் வடிவில், இழந்த யகரமும் இழக்காத இரட்டிப்பும் ஒருங்கே உள்ளன.

'ஆத்துல' என்னும் பேச்சில் றகர இரட்டை தகர இரட்டையாயிற்று; இரட்டிப்பும் வல்லொலியும் மாறவில்லை. எழுத்து 'ஆறு' எனக் காட்டாத ஒன்றை உழவர் நா காத்து வருகிறது. ஆசிரியர் 'ஆற்றில்' என்று திருத்தட்டும். திருத்தும்போதே, "உன் தந்தை பேச்சிலும் இலக்கணம் உண்டு" என்று அச்சிறுவனுக்குச் சொல்லட்டும்.